சுவரின் நிறத்தை யார் தீர்மானிப்பது?

வன்னிக் கிராமங்களின் வீடுகளில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு புதிய அறை தோன்றியிருக்கிறது. எந்த வீட்டுத்திட்டத்தின் வரைபடத்திலும் அந்த அறைக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. இந்திய அரசின் உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட வீடுகளின் ஆகக் குறைந்த பரப்பளவு 550 சதுர அடி. ஒரு கூடம், இரண்டு படுக்கையறைகள், ஒரு சமையலறை என்பதே அதன் அமைப்பு. அத்திட்டத்தின் பெருங்கட்டம் 2012 ஒக்ரோபரில் ஆரம்பமானபோது, அந்த வீடுகளுக்குள் இருந்தபடியே ஒருவர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்வார் என்று எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை. 2020 ஆம் ஆண்டு கொரோனாவோடு பாடசாலையும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. கொரோனா ஓய்ந்த பின்னரும் அவை முற்றாக வெளியேறிவிடவில்லை. இன்று அக்கராயனில், நேற்றுவரை நெல்மூடை அடுக்கியிருந்த சின்னறைக்குள் ஒரு மேசையையும் கதிரையையும் மடிக்கணினியையும் காண்பது அரிதல்ல. வீட்டுக்காரர்கள் அதனை 'ஒபிஸ் அறை' என்று அழைக்கிறார்கள்.

அந்த ஒபிஸ் அறைக்கு என்ன நிறம் பூசுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் தீர்வு என்று எழுதிவந்த பேனாவுக்கு இது சற்று இலேசான விடயம் என்று சில வாசகர்கள் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. சுவருக்கு நிறம் தெரிவு செய்பவர், அடுத்த ஆண்டும் தான் அதே சுவருக்குள் இருப்பார் என்று நம்புகின்றவர். அக்கராயனில் அந்த நம்பிக்கை மலிவாகக் கிடைத்ததல்ல. 1996 இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது, மக்கள் பெருந்தொகையாக வந்து தங்கிய இடங்கள் அக்கராயனும் ஸ்கந்தபுரமும். 2008 இல் அக்கராயனே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் கூரையில்லாத சுவர்களையும் சுவரில்லாத அத்திவாரங்களையும் கண்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் நிற அட்டையை விரித்து வைத்துக்கொண்டு யோசிக்கிறார் என்றால், அது கவனித்து எழுதப்பட வேண்டிய செய்தி.

என்னிடம் இக்கேள்வியைக் கொண்டுவந்தவர் அக்கராயனில் வசிக்கும் என் தங்கையின் மகள். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தவாறே கணக்கு வேலை செய்கிறார். அறை ஏறத்தாழ பத்தடிக்குப் பத்தடி. மேற்குப் பார்த்த ஒரு யன்னல். பெயின்ற்றுக்கான பணத்தைக் கனடாவில் இருக்கும் தமையன் அனுப்பியிருக்கிறார். பணத்தோடு நிறத்தையும் அனுப்பிவிட்டார். வட்ஸ்அப்பில் வந்த படத்தில் இருந்தது ஓர் இளநீல அறை. நீலம் மனத்துக்கு அமைதி தரும், வேலையில் கவனம் கூடும் என்று ஒரு குறிப்பும் இருந்தது. பிள்ளைக்கு அதில் உடன்பாடில்லை. "மாமா, அண்ணா வந்தா ரெண்டு கிழமைதான் நிப்பார். எட்டு மணித்தியாலமும் அந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கப்போறது நான்" என்றார். சிறிது நேரங்கழித்து இன்னொன்றையும் சொன்னார்: "2009 இலை தறப்பாளுக்குக் கீழை இருக்கேக்கை எல்லாற்றை முகமும் நீலமாத்தான் தெரிஞ்சது. எனக்கு நீலம் வேண்டாம்."

அப்போது அவருக்கு ஒன்பது வயது. நீலத் தறப்பாளின் கீழ் பகலில் இருந்தவர்களுக்குத் தெரியும்: வெயில் அந்தப் பிளாஸ்ரிக் துணியை ஊடுருவி வரும்போது சோறும் கைகளும் பாயும் எல்லாமே நீலமாகிவிடும். எந்த நிற அட்டையிலும் இந்தத் தகவல் இல்லை. நீலம் அமைதியின் நிறம் என்று எழுதியவர்கள் தறப்பாளை நினைத்து எழுதியவர்கள் அல்லர்.

நிறங்களுக்கு நிலையான குணங்கள் உண்டு என்ற வாதத்தை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். 1979 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரிலிருந்த கடற்படைத் தடுப்பு நிலையமொன்றில் ஓர் அறைக்கு ஒருவகை இளஞ்சிவப்பு பூசினார்கள். அந்நிறம் கைதிகளின் ஆவேசத்தைத் தணிக்கிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. வேறு பல சிறைகளும் அதனைப் பின்பற்றின. பிற்பாடு கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகள் அந்த விளைவை உறுதிப்படுத்தவில்லை. 2009 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், நுணுக்கமான வேலைக்குச் சிவப்பும் கற்பனை வேலைக்கு நீலமும் உதவும் என்று 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார்கள். அவர்கள் பரிசோதித்தது பிரதானமாகக் கணினித் திரையின் பின்னணி நிறத்தை. அதனையே கூடுதலானவர்களைக் கொண்டு மீண்டும் செய்துபார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஆயினும் பெயின்ற் விளம்பரங்களும் அலங்காரக் குறிப்புகளும் அந்த முதற் செய்தியை இன்னமும் உண்மையென்றே கூறிவருகின்றன. நிறத்துக்கு மனத்தில் ஒரு விளைவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்த விளைவு ஆளுக்கு ஆள், அவரவர் கடந்துவந்த வழிக்கேற்ப மாறும். ஆகவே அந்த விடயத்தில் அறையில் இருக்கப்போகின்றவரே நிபுணர்.

அடுத்து வெளிச்சம். இணையத்திலும் சஞ்சிகைகளிலும் வரும் நிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. வடக்குப் பார்த்த அறை குளிர்ந்து மங்கிக் கிடக்கும், ஆகவே அதற்கு மஞ்சள் கலந்த சூடான நிறம் பூசுங்கள் என்று அவை கூறும். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அது சரி. அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கமாகவே நிற்கிறது. அக்கராயன் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதே கால் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அதன் பின்னர் ஆவணி மாத நடுப்பகுதி வரையில், அதாவது ஓகஸ்ற் இறுதி வரையில், நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வருடத்தின் மிக வறண்ட, வெக்கையான மாதங்களும் அவைதாம். சோளகக் காற்று வீசும் அந்தக் காலத்தில் நம் ஊர் வடக்கு யன்னல் ஐரோப்பிய வடக்கு யன்னலைப் போல இருக்காது. இங்கே பொல்லாதது மேற்கு யன்னல். பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர் தாழ்ந்த வெயில் நேரே மேசைக்கு வந்துவிடும். அது மஞ்சளும் செம்மையும் கலந்த வெயில். அங்கே நல்ல மஞ்சளைப் பூசினால் மாலை நேரத்தில் அறை முழுவதும் தணல் பிடித்தது போலத் தோன்றும்.

இன்னொரு விடயத்தையும் நிற அட்டைகள் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டுத்திட்ட வீடுகள் பெரும்பாலானவற்றில் உட்கூரை இல்லை. அண்ணாந்து பார்த்தால் மரமும் ஓடும் தெரியும். அவை கடும் நிறத்தவை, வெளிச்சத்தை விழுங்குபவை. வேலைத்தலங்களுக்கான ஐரோப்பிய ஒளியமைப்பு நியமம் உட்கூரை நூற்றுக்கு 70 முதல் 90 வரையும், சுவர் 50 முதல் 80 வரையும், தரை 20 முதல் 40 வரையும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் உட்கூரை நம்மிடம் இல்லை. ஆகவே அதன் வேலையையும் சுவர்களே சேர்த்துச் செய்ய வேண்டும். படத்தில் அழகாகத் தெரியும் நடுத்தர நீலமோ பச்சையோ, வெள்ளை உட்கூரை உள்ள அறையில் எடுக்கப்பட்ட படத்தில் உள்ள நிறம். ஓட்டுக்கூரையின் கீழே அதே நிறம் இரண்டு படி இருண்டு போகும். பகலிலும் மின்குமிழ் எரிக்க வேண்டிவரும்.

மின்குமிழை நம்பி நிறம் தெரிவு செய்வது நம் நாட்டில் அறிவுடைமையும் அல்ல. போர்க்காலத்தில் வன்னிக்கு லக்சபானா மின்சாரம் கிடைக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயைப் பஞ்சில் ஊறவைத்து, ஒரு திரியைக் கொழுத்தி, அந்த வெளிச்சத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த தலைமுறையினர் இன்று நாற்பதுகளையும் ஐம்பதுகளையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: விளக்கைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் வெளிச்சம் கூடும், அந்தச் சுவர் வெள்ளையடித்த சுவராக இருந்தால் இன்னுங் கூடும். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்திருந்தபோது, 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதுக்கும் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஒரு யன்னலின் வெளிச்சத்தைக் கொண்டே பகல் முழுவதும் வேலை செய்யக்கூடியதாக ஓர் அறை இருக்க வேண்டும் என்பது நமது அனுபவம் கற்றுத்தந்த முதல் விதி.

என் தொழிலில் இருந்தும் ஓர் உதாரணம் தரலாம். 1990களில் பொருளாதாரத் தடை காரணமாகப் பத்திரிகைத் தாள் வராதபோது, யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பாடசாலை அப்பியாசக் கொப்பித் தாள்களில் அச்சாகின. அதுவும் கிடைக்காத நாட்களில் நிறத் தாள்களில் வந்தன. கறுப்பு எழுத்து அதே கறுப்புத்தான். ஆனால் தாளின் நிறம் கடுமையாக இருந்த நாட்களில் இரண்டு பக்கம் வாசிப்பதற்குள் கண் களைத்துவிடும். கண் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை, எழுத்தைச் சுற்றியிருப்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. திரைக்கும் சுவருக்கும் இதே கதைதான். பார்க்கும் பொருளின் பிரகாசத்துக்கும் அதனை அடுத்துள்ள பரப்பின் பிரகாசத்துக்கும் இடையே மூன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது, சற்றுத் தள்ளியுள்ள பரப்போடு பத்துக்கு ஒன்றைத் தாண்டலாகாது என்பது ஒளியமைப்பாளர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் வழிகாட்டல். திரைக்குப் பின்னால் கன்னங்கறேலென்ற சுவரும் வேண்டாம். வெயில் பட்டுப் பளீரென்று மின்னும் தூய வெள்ளையும் வேண்டாம்.

இவற்றையெல்லாம் நம் பெரியவர்கள் கணக்குப் போடாமலே கையாண்டிருக்கிறார்கள். தைப்பொங்கலுக்கு முன்னர் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம்மிடையே இருந்த வழக்கம். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, வடித்து, ஒரு சிட்டிகை நீலம் கலப்பார்கள். சுண்ணாம்பில் இருக்கும் மெல்லிய மஞ்சட் சாயலை அந்த நீலம் மறைத்து, வெள்ளையை மேலும் வெள்ளையாகக் காட்டும். சலவைத் துணிக்கு நீலம் போடுவதும் அதே காரணத்துக்காகத்தான். சுவரின் அடிப்பகுதியில், மழைச் சேறு தெறிக்கும் உயரத்துக்குக் காவியோ கறுப்போ பூசுவார்கள். சுண்ணாம்புப் பூச்சுக்குப் பளபளப்புக் கிடையாது. ஆகவே வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்காமல் எல்லாப் பக்கமும் பரவவிடும். சுண்ணாம்பு காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மீண்டும் கல்லாக இறுகுகிறது. அதன் காரத்தன்மை பூஞ்சணத்தை அண்டவிடாது. சுவருக்குள் இருக்கும் ஈரத்தையும் வெளியே போகவிடும். அந்த அறிவைப் பின்தங்கிய கிராமத்து வழக்கம் என்று ஒதுக்கிவிட்டு நாம் எமல்ஷனுக்கு மாறினோம். அதே வேளையில், கொழும்பில் ஜெப்ரி பாவா தனது வீட்டின் சுவர்களை வெள்ளையாகவே வைத்திருந்தார். வெப்பநாட்டுக் கட்டடக்கலையைக் கற்க உலகெங்குமிருந்து வருபவர்கள் இன்றும் அந்த வீட்டைப் பார்த்துச் செல்கிறார்கள்.

எமல்ஷன் பூசக்கூடாது என்று நான் கூறவரவில்லை. துடைக்கலாம், கையில் ஒட்டாது, பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் அதற்குக் காய்ந்த சுவர் வேண்டும். புதிய சீமெந்துப் பூச்சை ஆகக் குறைந்தது நான்கு வாரங்களுக்காவது காயவிட வேண்டும். வன்னியில் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை சுவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். அத்திவாரத்தில் ஈரத்தடுப்புச் சரியாகச் செய்யப்படாத வீடுகளில் தைக்குப் பின்னரும் ஈரம் மேலேறி வரும். அந்தச் சுவரை எமல்ஷனால் மூடினால், உள்ளே அகப்பட்ட ஈரம் பூச்சைக் கொப்புளமாகக் கிளப்பும், உப்புப் பூக்கும், தோல் உரிவது போலச் சுவர் உரியும். அப்போது குறை கேட்பது நிறமோ, கடைக்காரரோ, மேசனோ என்றிருக்கும். மாசியும் பங்குனியும் கடந்து சுவர் நன்றாகக் காய்ந்த பின்னர் பூசுவதே உத்தமம். ஈரம் வற்றாத சுவரென்றால் சுண்ணாம்பைத் தவிர வேறு வழி தேட வேண்டாம்.

கடும் நிறங்களைப் பற்றி இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பழைய எனமல் பெயின்ற்றுகளின் பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, சிலவகைப் பச்சை ஆகியவை பெரும்பாலும் ஈயக் கலவைகளில் இருந்து வந்தவை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. இலங்கையில் சுற்றாடல் அமைப்பினர் இவ்விடயத்தை உயர் நீதிமன்றம் வரை கொண்டு சென்றதன் பின்னரே, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் ஈய வரம்புகள் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. எமல்ஷனில் பத்து இலட்சத்துக்கு 90 பங்கு, எனமலில் 600 பங்கு என்பவை அவ்வரம்புகள். அதற்கு முன்னர் பூசப்பட்ட கதவு யன்னல்களை ஒபிஸ் அறைக்காகப் புதுப்பிப்பவர்கள், காய்ந்த நிலையில் உரஞ்சித் தூள் பறக்கவிட வேண்டாம். நனைத்துத் தேய்த்து, கழிவை ஒதுக்கி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் செய்யுங்கள். 'ஈயம் சேர்க்கப்படாதது' என்ற குறிப்பைப் பேணியில் பார்த்து வாங்குங்கள். ஒரு நிறம் மனத்துக்கு என்ன செய்யும் என்று விவாதிப்பவர்கள், அது உடம்புக்கு என்ன செய்யும் என்பதையும் ஒருதடவை கேட்டால் நல்லது.

இனிப் பணம். வீட்டுத்திட்டத்தின் கீழ் வன்னியில் ஒரு குடும்பத்துக்குக் கட்டம் கட்டமாக வழங்கப்பட்ட தொகை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. சீமெந்தும் மணலும் கூலியும் ஏறிய காலத்தில் அந்தத் தொகை சுவரும் கூரையும் எழுவதற்கே மட்டுமட்டாக இருந்தது. நகையை அடைவு வைத்தும் நுண்கடன் எடுத்தும் வீட்டை முடித்தவர்களை நான் அறிவேன். பூசாத சுவரோடு குடிபுகுந்தவர்களையும் அறிவேன். பூசாத சுவர் ஓர் அவமானம் என்ற எண்ணம் எப்படியோ நம்மிடையே வளர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு வெளிநாட்டுப் பணத்தில் ஊதாவும் செம்மஞ்சளும் ஏறும்போது அந்த எண்ணம் இன்னும் கூர்மையாகிறது. 2022 இன் நெருக்கடியில் விலைகள் ஏறிய வேகத்தை எல்லோரும் அறிவோம். பெயின்ற்றுக்காகக் கடன்படாதீர்கள் என்பதே எனது உறுதியான கருத்து.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை, ஒன்பதடி உயரம். நான்கு சுவர்களும் 360 சதுர அடி. கதவையும் யன்னலையும் கழித்தால் ஏறத்தாழ 320. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு தடவைக்கு நூறு சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாகப் பரவும். இரண்டு தடவை பூச 6 லீற்றர் அளவில் தேவை. நான்கு லீற்றர்ப் பேணி இரண்டு வாங்கினால் மிச்சமும் இருக்கும். அடிப்பூச்சு இதற்குப் புறம்பு. வீடு முழுவதற்கும் பூச வசதியில்லை என்றால் இந்த ஓர் அறையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் வசதியில்லை என்றால் மேசையிருக்கும் மூலையின் இரண்டு சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாலே போதும். வேலை நடக்கும் இடம் அதுதான்.

பணம் அனுப்புகின்றவருக்கு நிறம் சொல்லும் உரிமை இல்லையா என்று புலம்பெயர்ந்த வாசகர்கள் கேட்கக்கூடும். பனியில் நின்று உழைத்து அனுப்பிய பணம் அது. ஊர் வீடு என்பது அவர்களுக்கு ஒரு கனவும் கூட. போரில் சாம்பல் நிறமாகிப் போன ஊரில் ஒரு பளிச்சென்ற வீட்டைக் காண விரும்புவதை நான் பரிகசிக்க மாட்டேன். வெளிச்சுவருக்கும் மதிலுக்கும் படலைக்கும் அவர்கள் விருப்பம் போல நிறம் சொல்லட்டும். வீதியால் போகிறவர் பார்க்கும் பக்கம் அது. வேலை அறையின் உட்சுவர் வேறு. அதனோடு ஒரு நாளில் மூன்றிலொரு பங்கைக் கழிக்கப்போகின்றவர் ஊரில் இருக்கிறார். தவிரவும், கைத்தொலைபேசித் திரையில் தெரியும் நிறம் சுவரில் வரும் நிறமாகாது. கடையின் குழல்விளக்கின் கீழே ஒரு நிறம், காலை வெயிலில் இன்னொரு நிறம், இரவில் எல்.ஈ.டி. குமிழின் கீழே மூன்றாவது நிறம். ஸ்காபரோவில் இருந்துகொண்டு அக்கராயனின் பிற்பகல் வெயிலை எவராலும் அளக்க முடியாது.

வன்னி மக்களுக்காக வேறு இடங்களில் இருந்து தீர்மானித்த வரலாறு சிறியதல்ல. 2015 இல் அன்றைய அரசாங்கம் வடக்குக் கிழக்குக்கு 65,000 வீடுகள் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் உருக்குப் பாகங்களைப் பொருத்தி அமைக்கும் வீடுகள் அவை. ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. அதில் பாதிக்கும் குறைந்த செலவில் கல்வீடு கட்டலாமே, வெக்கையை எப்படித் தாங்குவது, பழுதானால் ஊர் மேசன் திருத்துவாரா என்று பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேள்வி எழுப்பினார்கள். அந்த வடிவில் திட்டம் நிறைவேறவில்லை. மாறாக, மக்கள் தாங்களே முன்னின்று கட்டிய வீடுகளில் அவர்கள் அத்திவாரத்தைச் சற்று அகட்டினார்கள், யன்னலை இடம் மாற்றினார்கள், பின்னால் ஒரு பத்தி இறக்கினார்கள். வீடு அவர்களுடையதானது அப்படித்தான். சுவரின் நிறத்தை வெளியிலிருந்து தீர்மானிப்பது உருக்கு வீட்டின் அளவுக்குப் பெரிய விடயம் அல்லத்தான். இரண்டுக்கும் அடியிலுள்ள எண்ணம் ஒன்று: இருக்கப்போகிறவரைக் கடைசியாகக் கேட்கலாம் என்பது. அதிலும் அறையில் இருக்கப்போகிறவர் ஓர் இளம்பெண்ணாக இருந்துவிட்டால், கடைசியாகக்கூடக் கேட்பதில்லை. சம்பாதிப்பவர் அவராக இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை.

என் மருமகளுக்கு நான் கூறியதை இங்கு எல்லோருக்குமாகக் கூறுகிறேன். யன்னல் இருக்கும் சுவரையும் இரு பக்கச் சுவர்களையும் சுண்ணாம்பு வெள்ளைக்கு ஒரு படி கீழே, பழுப்பு மிக இலேசாகக் கலந்த வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். யன்னலைச் சுற்றிய சுவர் வெளிறியதாக இருந்தால், வெளி வெளிச்சத்துக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து கண் கூசாது. மேசையை யன்னலுக்குப் பக்கவாட்டாகப் போடுங்கள். திரைக்குப் பின்னால் வரும் ஒரு சுவருக்கு மாத்திரம் உங்கள் மனத்துக்குப் பிடித்த நிறத்தைப் பூசுங்கள். அது மிகக் கடுமையாக இருக்க வேண்டாம். பக்கத்துச் சுவருக்குக் கடும் பச்சையோ நீலமோ பூசினால் காணொளிக் கூட்டத்தில் உங்கள் முகத்தில் அதன் சாயல் அடிக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பளபளப்பு இல்லாத பூச்சையே கேட்டு வாங்குங்கள். முடிவெடுக்க முன்னர் ஒரு சிறு பேணி வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பூசி, காலை, நண்பகல், மாலை, இரவு என்று இரண்டு நாள் பாருங்கள். அதன்பின் உங்கள் கண் சொல்வதைக் கேளுங்கள்.

அவர் தெரிவு செய்தது காய்ந்த வைக்கோலின் வெளிறிய நிறம். எனக்கு அது சற்று மங்கலாகத் தோன்றியது. அக்கருத்தை நான் அவரிடம் கூறவில்லை, கூறவேண்டிய அவசியமும் இல்லை. தமையனுக்கு அவரே தொலைபேசியில் சொல்லிவிட்டார். மதிலுக்கு இளநீலம் பூசுவதென்று இருவருக்குமிடையே இணக்கம் ஏற்பட்டிருக்கிறது.

வெளிநாடுகளில் இருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் உறவுகளிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். அடுத்த முறை பெயின்ற்றுக்குப் பணம் அனுப்பும்போது படம் அனுப்பாதீர்கள். அந்த அறையில் யார் இருந்து வேலை செய்யப்போகிறார், அவருக்கு எந்த நிறம் வேண்டும், எந்த நிறம் வேண்டவே வேண்டாம் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைச் சற்றுப் பொறுமையாக இருந்து கேளுங்கள்.